கோடு போடுவதற்கு முன் ஒரு மத்தியானம் வந்து பாருங்கள்: சென்னை நகர விற்பனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை நகர விற்பனைக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

எந்தத் தெருவில் வண்டிக்கடை போடலாம், எதில் கூடாது, எதில் எந்த நேரம் மட்டும் போடலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் கடை போடுகிறவனும் இல்லை, அதிகாரியும் இல்லை. வெறும் தின்கிறவன். பாரிமுனையில் ஒரு ஸ்டேஷனரி மொத்தக் கடையில் 14 வருடம் கணக்கு எழுதினேன். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த பிறகு மிச்சமிருக்கும் முக்கால் மணி நேரத்தை இந்த இரைச்சலில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அந்த 14 வருடமும் என் பெரிய ஆராய்ச்சி. சிரிக்காதீர்கள். அதில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஊரில் நிம்மதியாக நிற்க ஓர் இடம் எங்கே இருக்கிறதோ, அநேகமாக அதற்குப் பத்தடி தள்ளி ஒரு நல்ல வண்டிக்கடை இருக்கும். இது தற்செயல் இல்லை. வண்டிக்காரர் தேடுவதும் நான் தேடுவதும் ஒரே சாமான்தான்: ஒரு மரம், வாசல் வைக்காத நீளமான மதில், பஸ் வந்து உரசாத ஓரம், நின்றால் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்காத ஒரு மூலை. அவர் முதலில் கண்டுபிடிக்கிறார், பின்னாலேயே நான் போகிறேன். உங்கள் வரைபடத்தில் சாலையின் அகலம் இருக்கும், நடைபாதையின் அகலம் இருக்கும். மரத்தின் நிழல் மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பது இருக்காது. என் கவலை அதுதான்.

எங்கள் ஜார்ஜ் டவுனிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு உள்ளங்கை போலத் தெரிந்த இடம் அது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று பார்த்தால் இதைவிடக் களேபரமான இடம் உலகத்தில் உண்டா என்று தோன்றும். மீன்பாடி வண்டி, தலைச்சுமை, பின்பக்கமாகவே வரும் குட்டியானை, கட்டு கட்டாகக் கல்யாணப் பத்திரிகை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்கள். அங்கிருந்து அரண்மனைக்காரன் தெருவுக்குள் திரும்புங்கள். அரண்மனை எதுவும் கிடையாது, தேடாதீர்கள். அது அர்மேனியன் தெரு. அர்மேனியன் என்ற சொல் நம் ஆட்களின் வாயில் புகுந்து அரண்மனைக்காரனாக வெளியே வந்துவிட்டது (எனக்கென்னவோ இரண்டாவதுதான் அழகாக இருக்கிறது). அந்தத் தெருவில் 1772இல் கட்டிய அர்மேனிய தேவாலயம் இருக்கிறது. கனத்த கதவைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் பின்னாலிருந்த ஹாரன் சத்தம் யாரோ குமிழைத் திருகியது போல் குறைந்துவிடும். தரையில் பதித்த கல்லறைப் பலகைகள், பெருங்கள்ளி மரத்துப் பூ உதிர்ந்த முற்றம், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உலகத்திலேயே முதல் அர்மேனியப் பத்திரிகையான அஸ்தரார் 1794இல் இந்த மதராஸில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் இந்த வளாகத்துக்குள்தான் படுத்திருக்கிறார். பிற்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரமே போய்விட வேண்டும். நான் அங்கே கும்பிடப் போனதில்லை. காதுக்கு ஓய்வு கொடுக்கத்தான் போனேன்.

சரி, வெளியே வாருங்கள். தேவாலயத்தின் அமைதி அந்தக் கதவோடு முடிந்துவிட வேண்டியது, ஆனால் முடியவில்லை. என் காலத்தில் மதிலை ஒட்டி ஓர் அண்ணன் சைக்கிளில் மோர்க் குடத்தைக் கட்டி நிறுத்தியிருப்பார். இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்ட மோர். நாலு பேர் நின்று குடிப்பார்கள், யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அந்த மதில் நிழல் அவ்வளவு நேரம்தான் கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நிழல் நகர்ந்ததும் அவரும் நகர்ந்துவிடுவார். உங்கள் படிவத்தில் இவருக்கு எந்த இடம் என்று எழுதுவீர்கள்? அவர் இருந்தது ஓர் இடமே இல்லை, ஒரு நேரம்.

கிழக்கே தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு எல்லாம் தாண்டி நடந்தால் இரண்டாவது கடற்கரைச் சாலை. பகலில் அங்கே நிற்க முடியாது. சாயங்காலம் அலுவலகங்கள் ஷட்டரை இறக்கியதும் தெரு மூச்சு விடும், அந்த மூச்சிலேயே அத்தோ வண்டிகள் வந்து நிற்கும். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, இருந்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. மஞ்சளும் ஆரஞ்சுமான தட்டை நூடுல்ஸை ஒரு பேசினில் அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரிப்பு எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும், கிண்ணத்தை நீட்டினால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தைத் திணித்து புளித்தண்ணீர் விட்டுத் தருவார்களே, அதை ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும். இந்த வாசனையோடு, பகல் முழுக்கக் கணக்கு எழுதிய கண்ணோடு, ஆள் குறைந்த அந்தத் தெருவின் ஓரமாக நின்றால் துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும். எனக்கு அதுதான் மெரினா.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். அதை உங்களுக்குப் போய் நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் படித்துவிட்டேன், சும்மா இருக்க முடியவில்லை. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் உங்கள் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெருவில் கடை போடுகிறவர்களாகவே, அதுவும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்கிறது. விரிவாக்கப்பட்ட சென்னையில் 2011 கணக்கெடுப்பின்படியே சுமார் 67 லட்சம் பேர், அப்படியானால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வியாபாரிகள். கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் கை ஊறும். ஆனால் நான் அதிகம் திருப்பித் திருப்பிப் படித்தது இடமாற்றம் பற்றிய பகுதியைத்தான். அவசரமான, தெளிவான தேவை இருந்தாலொழிய இடமாற்றத்தை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் தானாக நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக்கூடாது என்றும் இருக்கிறது. பர்மா பஜார் 1969இல் வந்தது. கூட்டிப் பாருங்கள், ஐம்பது எப்போதோ தாண்டிவிட்டது. சரி, பஜாருக்குப் பின்னால் சாயங்காலம் மட்டும் முளைக்கும் அத்தோ வண்டிகள் அந்த ஐம்பதில் சேருமா சேராதா? இதை ஒரு கேள்வியாகவே உங்கள் முன் வைக்கிறேன்.

நேரம் பிரித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பயன்படுத்துவதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அதைப் படித்தபோது மோர் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நம் உயர் நீதிமன்ற வளாகத்தின் கதவுகளை வருடத்துக்கு ஒருமுறை, ஒரு முழு நாள், யாரையும் உள்ளே விடாமல் மூடி வைப்பார்கள். இத்தனை வருடம் இந்த வழியாகத்தான் நடந்தோம், ஆகவே இது பொதுவழி என்று நாளைக்கு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காகப் பழங்காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. அதாவது, தொடர்ந்து ஒரு வழியில் நடந்தாலே ஏதோ ஓர் உரிமை பிறந்துவிடும் என்று சட்டத்துக்கே ஒரு பயம் இருக்கிறது. அதே கதவுக்கு எதிர்ப்பக்கம் முப்பது வருடமாக இட்லிக் குண்டானோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப என்னையும் ஒருநாள் மூடி வெச்சாத்தான் எனக்கு உரிமை இருக்குன்னு அர்த்தமா தம்பி?" என்று கேட்டுவிட்டு இட்லியை எடுக்கப் போய்விட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மிளகாய்ப்பொடி கொஞ்சம் அதிகம் வாங்கிக்கொண்டேன்.

நிழலையும் சாப்பாட்டையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரில் பழைய கதை ஒன்று இருக்கிறது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்று ஒன்று இருந்தது, 1962இல் வந்து 2008இல் மூடிய இடம். வண்டிக்கடை இல்லை, ஓட்டல்தான். ஆனாலும் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள் என்று எங்கள் முதலாளி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. நல்ல பூங்கா, மரங்கள் பிழைத்தன, ரொம்ப சந்தோஷம். ஆனால் இப்போது டிக்கெட் எடுத்து உள்ளே போய், பார்த்துவிட்டு, வெளியே வருகிற இடம் அது. தினம் போய் உட்காருகிற இடத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்க்கிற இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு டம்ளர் காப்பி என்று எனக்குத் தோன்றுகிறது.

தள்ளிப் போங்கள், மயிலாப்பூர். லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது, கபாலி கோயில் குளத்தைச் சுற்றி மாட வீதிகள் இருக்கின்றன, பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை இருக்கிறது. பெயரே ஜன்னல் கடைதான். ஒரு வீட்டு ஜன்னல் வழியாக பொங்கலும் பஜ்ஜியும் வரும், வாங்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிட வேண்டும். அந்தச் சந்தில் தினம் காலையில் அவ்வளவு பேர் நிற்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டி எடுக்கும்போது எல்லோரும் தட்டோடு ஒதுங்குகிறார்கள், மறுபடியும் கூடுகிறார்கள். எந்தத் திட்ட அறிக்கையும் இல்லாமல் ஒரு தெரு தனக்குத் தானே ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டிருக்கிறது. சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவிலும் அப்படித்தான். அதைப் பற்றி ஆரம்பித்தால் முறுக்கு சாண்ட்விச்சில் போய் நிற்கும், இந்த மடல் முடியாது. (இரண்டு குட்டி முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. அவ்வளவுதான். சொல்லிவிட்டேன்.)

இதற்கு நேர்மாறான அமைதியும் உண்டு. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்குள் ராத்திரி எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். எவ்வளவு பெரிய தூண்கள், எவ்வளவு பெரிய தளங்கள், எவ்வளவு அமைதி! ஆனால் அந்த அமைதியில் யாரும் நிற்க மாட்டார்கள், வேகமாக நடந்துவிடுவார்கள். எங்கள் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருமுறை சொன்னார், "சுண்டல்காரர் லைட்டு தெரிஞ்சா அந்தப் பக்கமா நடப்பேன், தெரியலைன்னா ஆட்டோ புடிப்பேன்." அவருக்கு அந்த விளக்கின் விலை ஓர் ஆட்டோ சவாரி. வண்டிக்கடை தெருவை அடைக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் எந்தப் பக்கமாவது வரவு வைக்க வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தெரு, யார் செய்தது என்பதெல்லாம் வேண்டாம். நகரத்தின் தென்பக்கம், ஒரு தூங்குமூஞ்சி மரம், அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச், பக்கத்தில் கூழ் விற்கும் ஓர் அம்மா. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம், மாங்காய்க் கீற்று, மோர்மிளகாய், வேண்டுமென்றால் ஒரு துண்டு கருவாடு. வேலை விட்ட பிறகு அந்தப் பக்கம் குடிவந்ததால் தினம் பதினோரு மணிக்குப் போய்விடுவேன். ஆட்டோக்காரர்கள், குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் டையோடு, எல்லோரும் அந்த ஒரு பெஞ்சில் மாற்றி மாற்றி உட்கார்வோம். ஒருநாள் நடைபாதையை அழகுபடுத்தினார்கள். புதுக் கல் போட்டார்கள், பெஞ்சைப் பெயர்த்தார்கள், அம்மாவைக் கிளம்பச் சொன்னார்கள். அழகாகத்தான் இருந்தது, ஒரு மூன்று வாரம். அப்புறம் பெஞ்ச் இருந்த இடத்தில் பைக் நிறுத்தினார்கள், கூழ்ப் பானை இருந்த இடத்தில் குப்பை மூட்டை வந்தது, ராத்திரியில் அந்தப் பக்கம் ஆண்கள் ஒண்ணுக்குப் போக மட்டும் ஒதுங்கும் இடமாகிவிட்டது. அம்மா தினம் கிளம்பும்போது அந்த இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார் என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. நோட்டீஸ் கொடுத்தார்களா என்று கேட்டேன். முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொல்வது அவருக்குத் தெரியாது. "நோட்டீஸ் வந்தா மட்டும் எனக்குப் படிக்கத் தெரியுமா" என்றார்.

வண்டிக்கடைக்காரர்கள் எல்லோரும் மகாத்மாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழுவில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது உங்களுக்கு. நடைபாதையை மொத்தமாக அடைத்து முக்காலியும் போட்டால், கைத்தடியோடு வருகிற கண் தெரியாதவர் சாலையில்தான் இறங்கியாக வேண்டும். சக்கர நாற்காலிக்கு அந்த வழியும் கிடையாது. அங்கே நான் உங்கள் பக்கம் இல்லை. காலையில் வடை சுட்ட எண்ணெயில் ராத்திரி சிக்கன் 65 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் கெட்டுப்போனதற்கு உணவுப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் அளவுகோல் இருக்கட்டும், நிறத்தைப் பார்த்தாலே நமக்குத் தெரியாதா? 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பிளாஸ்டிக் தாளை இன்னமும் தட்டின் மேல் விரித்து அதில் சூடாகச் சாம்பார் ஊற்றுகிறீர்கள். கழுவத் தண்ணீர் இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் கேட்க வேண்டியது தண்ணீரை. ஒரு குழாய், ஒரு மூடி போட்ட குப்பைத்தொட்டி, நடக்கிற தூரத்தில் பூட்டாத கழிப்பறை. காலை நாலரைக்கு வந்து பதினொன்று வரைக்கும் உட்கார்ந்திருக்கும் இட்லி அக்கா தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்வதற்கு ஒரே மாதிரி வண்டி வாங்கித் தருவதுதான் வழி என்று யாராவது சொல்லக்கூடும். மெரினாவில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 900 வண்டிகளை ஒரே அச்சில் கொண்டுவந்தார்கள். கடற்கரை நீளமானது, மணல் எல்லா இடத்திலும் ஒன்றுதான், அங்கே அது பொருந்தலாம். தெரு அப்படி இல்லை. அத்தோவுக்குப் பேசின் வைக்கப் பரந்த பலகை வேண்டும், கூழுக்குப் பானையும் நிழலும் போதும், மோருக்கு ஒரு சைக்கிள். எல்லோரையும் தகரக் கூரை போட்ட ஒரு மைதானத்துக்குள் அடைத்து, வாசலில் வளைவு வைத்து, ஸ்பீக்கரில் பாட்டும் போட்டால் உணவுத் தெரு கிடைக்கும். நான் போகமாட்டேன். பாட்டு இல்லாமல் சாப்பிடத்தான் நான் தெருவுக்கே வருகிறேன்.

நான் கேட்பது ரொம்பச் சின்னது. ஒவ்வொரு தெருவுக்கும் கோடு போடுவதற்கு முன்னால் ஒருமுறை காலையிலும், ஒருமுறை மத்தியானம் இரண்டு மணிக்கும், ஒருமுறை ராத்திரி எட்டரைக்கும் அங்கே போய் நில்லுங்கள். நிழல் எங்கே, காற்று எங்கே, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பெஞ்ச் போடும்போது வண்டி நிற்க ஆறடி விட்டுப் போடுங்கள். வண்டிக்கு இடம் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு பெஞ்ச் போடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு துறை, வேறு வேறு டெண்டர் என்று சொல்வீர்கள். தெரியும். அந்த இரண்டு துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்க இந்தக் குழுவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கூழ் அம்மா இப்போது எங்கே கடை போடுகிறார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு "யாருக்குமே தெரியாத கடை" என்று பத்துப் பேர் வந்துவிடுவார்கள், பதினோராவதாக அவரைக் கிளம்பச் சொல்ல ஒருவர் வருவார். உங்களில் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். காலை பதினொன்றுக்குக் கூழ், அங்கிருந்து ரயில் பிடித்து அரண்மனைக்காரன் தெரு, தேவாலயக் கதவு சாத்துவதற்குள் ஒரு அரை மணி நேரம், சாயங்காலம் ஐந்தரைக்கு பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ. செலவு என்னுடையது. அதிகாரிகள் யாரும் ஜீப்பில் மட்டும் வந்துவிட வேண்டாம். வண்டிக்காரர்கள் பார்த்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவிடுவார்கள், அப்புறம் நமக்குச் சாப்பாடு கிடைக்காது.

இப்படிக்கு,
பாரிமுனையில் 14 வருடம் கணக்கு எழுதியவன்